மூணாம் ஜன்னலில் ஒரு ஓட்டை

அக்டோபர் 27, திங்கள்

நூல் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. இத்தனை மாதத்தில் இதில் ஏறியது இரண்டே வரி. ஒன்று, 'பால்காரர் வரவில்லை.' இன்னொன்று, 'என் கண்ணாடியின் மேல் நானே உட்கார்ந்துவிட்டேன்.' இரண்டும் உண்மைச் சம்பவங்கள்.

இன்று மழை. கரண்ட் இல்லை, டிவி இல்லை. எங்கள் வீட்டுக்காரர் சாயங்காலமே போர்வைக்குள் போய்விட்டார். பேச ஆள் கிடைக்காவிட்டால் எனக்கு வயிறு உப்பிக்கொள்ளும். அதனால் மெழுகுவத்தியும் டைரியும்.

முதலில் அறிமுகம். மயிலாத்தாள். ஐம்பதைத் தொடக் கொஞ்சம்தான் பாக்கி. திருப்பூரில் கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில், பேக்கிங் ஹாலுக்கே மூத்தவள். மூத்தவள் என்றால் வயதில். பதவியில் பெரியவன் சூப்பர்வைசர் பரமசிவம். எனக்குத் தம்பி முறை ஆக வேண்டும்; ஆகாமலே இருந்திருக்கலாம்.

போன மழைக்காலத்தில் நாங்கள் அனுப்பிய வெள்ளைச் சட்டைகள் கப்பலில் போய் இறங்கும்போது புள்ளிபுள்ளியாகப் பூஞ்சை பூத்திருந்தனவாம். ஈரத்தோடு கவரில் போட்டு ஒட்டிவிட்டோம். மொத்தமும் திரும்பி வந்தது. இந்த மழைக்கு முதலாளி நாச்சிமுத்து புது யோசனை கண்டுபிடித்திருக்கிறார். ஹாலுக்குள் நான்கு பெரிய இரும்புச் சட்டி. சட்டி நிறையக் கொட்டாங்குச்சிக் கரிக் கங்கு. மேலே கம்பிவலைக் கூடை. சுற்றிலும் கொடி கட்டிக் குழந்தைச் சட்டைகள். ஈரக்காற்று உள்ளே வரக் கூடாதென்று ஐந்து ஜன்னலையும் சாத்தி, மேலே பாலிதீன் ஒட்டி, ஓரமெல்லாம் டேப் அடித்தாகிவிட்டது.

"பாருங்க, துளி புகை வருதா?" என்று முதலாளி சட்டிக்கு மேல் கையை நீட்டிக் காட்டினார். "எங்க மச்சான் சூளையில சுட்ட கரி. புகை இல்ல, வாசம் இல்ல, துணியில ஒரு பொட்டு ஒட்டாது. ஹீட்டர் வெச்சா கரண்ட் போனா நின்னுரும். இது நிக்குமா?"

"நிக்காதுங்க மொதலாளி," என்றான் பரமு. அவர் எதைச் சொன்னாலும் அவனுக்கு அதில் கடைசி வார்த்தையாவது சொந்தமாக வேண்டும்.

எங்களுக்கும் சந்தோஷம்தான். வெளியே ஊரே நடுங்குகிறது, உள்ளே கதகதவென்று. மத்தியானம் நான் வலைக்கு அடியில் சோளக்கதிர் சுட்டேன். பரமு மோப்பம் பிடித்து வந்தான். பாதிக் கதிரைக் கொடுத்து வாயை அடைத்தேன்.

அக்டோபர் 29, புதன்

தலைவலி. மண்டைக்குள் யாரோ பட்டன் அடிக்கிறார்கள்.

வயசு என்றேன். எதிர் மேஜைக்காரியோ கண்ணாடிப் பவர் என்றாள். வீட்டுக்காரர், "வாய்க்கு ஓய்வு குடுத்தாச் சரியாப் போயிரும்," என்றார். தைலம் தேய்த்துக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் ஹால் முழுக்கத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறது. என் டப்பா மேஜைமேஜையாகப் போய்ச் சுரண்டித் துடைத்த நிலையில் திரும்பி வந்தது.

பரமு ஒரு சட்டையை எடுத்து முகர்ந்தான். "ஏனுங்க்கா, இது கொழந்தை போடற சட்டைங்களா, கெழவி போடறதுங்களா?"

"கெழவி மடிச்சது. வாசம் இலவசம்," என்றேன்.

அக்டோபர் 31, வெள்ளி

என் மேஜை மூணாம் ஜன்னலுக்குக் கீழே. அந்த ஜன்னலில் ஒரு கண்ணாடி எப்போதோ உடைந்துபோனது. முன்பெல்லாம் அது வழியாகத்தான் நான் உலக நடப்பைத் தெரிந்துகொள்வேன். எதிரே இட்லிக்கடை. கடைக்கார அம்மாவுக்கும் எதிர் கம்பெனி வாட்ச்மேனுக்கும் ஒரு இது. அவர் குடையோடு வந்தால் இரண்டு சட்னி, குடை இல்லாமல் வந்தால் மூன்று. இந்தக் கதை நல்ல கட்டத்துக்கு வந்திருந்த நேரத்தில் பாலிதீனை ஒட்டித் தொலைத்துவிட்டார்கள்.

நான் என்ன செய்ய? நூல் வெட்டும் கத்திரி கையிலேயே இருந்தது. உடைந்த கண்ணாடிக்கு நேராக, பாலிதீனில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஓட்டை. முன்னால் ஒரு அட்டைப் பெட்டியை மறைப்பாக வைத்துவிட்டேன். கலியாணப் பத்திரிகை எப்போது வரும் என்று தெரிய வேண்டாமா?

இன்று மூன்று சட்னி.

நவம்பர் 1, சனி

இதை எழுதலாமா என்று யோசித்தேன். டைரியிடம் சொல்வது ஊரில் சொல்வதில் சேராது.

என் மேஜையில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள் வளர்மதி. தாராபுரத்துப் பெண். போன வருஷம் ஒன்று உண்டாகி, நிற்காமல் போய்விட்டது. இப்போது மறுபடி மூன்று மாதம். வீட்டுக்காரனைத் தவிர ஒருத்தருக்கும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை, நான்தான் கண்டுபிடித்தேன். மாங்காய் ஊறுகாயை அவள் பார்த்த பார்வை ஒன்று போதும்.

"அக்கா, உங்க காலப் புடிக்கறேன், பரமண்ணனுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா அன்னிக்கே வீட்டுக்குப் போகச் சொல்லிருவாரு. போனவ எவளயும் திரும்பச் சேத்துக்கிட்டது இல்லீங்க்கா."

உண்மைதான். 'மாசமானவளுக்கு மூட்டை தூக்க ஆகாது' என்று அக்கறையாகச் சொல்லி அனுப்பிவிடுவான். அக்கறை அதோடு முடிந்துவிடும்.

எனக்கு இது பெரிய சோதனை. இருபது வருஷமாக இந்தக் கம்பெனிக்கு நான்தான் ரேடியோ. என் வாயில் ஒரு ரகசியம் ஐந்து நாள் தங்கியது என்று சொன்னால் என் மாமியார் சமாதியிலிருந்து எழுந்து வந்து பார்ப்பார். ஆனாலும் தங்கியது.

இன்று மத்தியானம் அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். போச்சு, பரமு பார்த்துவிட்டான் என்று நினைத்தேன். அவன் பார்த்தான்தான். ஆனால் அவள் பின்னாலேயே நான்காம் மேஜையிலிருந்து ஒருத்தி ஓடினாள். அப்புறம் இரண்டு பேர். அப்புறம் இஸ்திரி போடும் ஆள், மீசை வைத்த ஆம்பளை, அவரும் ஓடினார். கடைசியில் நானும் ஓடினேன்.

நான் முகம் கழுவிவிட்டு வரும்போது பரமு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னடா பாக்கற? ஆமா, எனக்கும் மாசம்தான். இவரு மீசைக்காரருக்கும்தான். வளைகாப்புக்குச் சேத்துச் சொல்லறம்."

ஹாலே சிரித்தது. வளர்மதி என் முந்தானைக்குப் பின்னால் நின்று சிரித்தாள். எல்லோரும் வாந்தி எடுத்தால் ஒருத்தியின் வாந்தியை யார் தனியாகக் கவனிப்பார்கள்? நல்ல நேரத்தில் நல்ல வியாதி வந்ததே என்று சாமிக்கு நன்றி சொன்னேன்.

வாந்தி எடுத்ததை வீட்டுக்காரரிடம் சொன்னேன். மனுஷர் என்னையே பார்த்தார். டிவியை அணைத்தார். போய் எலுமிச்சம்பழம் வாங்கிவந்து, அவரே பிழிந்து கொடுத்தார். இந்த வயசில் என்ன நினைத்துக்கொண்டாரோ, பாவம்.

நவம்பர் 2, ஞாயிறு

லீவு. தலைவலி இல்லை. துணி துவைத்தேன், கோழி அடித்துக் குழம்பு வைத்தேன், பக்கத்து வீட்டில் இரண்டு சண்டை கேட்டேன். வேலைதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. இதை வீட்டுக்காரர் கலியாணமான வருஷமே கண்டுபிடித்துவிட்டார்.

நவம்பர் 3, திங்கள்

ஹாலுக்குள் போய்க் கொஞ்ச நேரம்தான். பட்டன் மெஷின் மண்டைக்குள் ஆரம்பித்துவிட்டது.

முதலாளி வந்து எல்லோரையும் நிற்கவைத்துப் பேசினார். பொம்பளைகள் காலையில் சாப்பிடாமல் வருகிறோமாம். போன் பார்த்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறோமாம். நாளையிலிருந்து கம்பெனி செலவில் உப்புமா. அவர் பேசியது வாசல்படியில் நின்றுகொண்டு. பேசி முடித்ததும் போய்விட்டார். அவருடைய அறை மாடியில், தனி வாசல்.

நல்ல மனுஷர்தான். கலியாணம், சாவு எதுவென்றாலும் முன்னால் நிற்பார். கரிச்சட்டி விஷயத்தில் மட்டும், தான் பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல் முகம் மலர்ந்துவிடுகிறது.

இன்னொன்று. பிறந்த குழந்தை அளவுச் சட்டையை நான் ஒரு வயது அளவுப் பெட்டியில் போட்டு ஒட்டியிருக்கிறேன். ஒன்றல்ல, பெட்டி முழுக்க. அந்தச் சின்ன அளவை மட்டும் நானேதான் மடிப்பேன், யாரையும் தொடவிட மாட்டேன். கிறுக்கு, வேறொன்றுமில்லை. அதிலேயே கை தவறிவிட்டது. மூளை மாவரைத்த தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடக்கிறது.

"அக்கா, வாய் பேசறப்ப கை நிக்குது. கை வேலை செய்யறப்ப வாய் நிக்கறதில்ல," என்றான் பரமு. என்னை உள்ளே மூலையில், நான்காம் சட்டிக்குப் பக்கத்து மேஜைக்கு மாற்றிவிட்டான். அங்கே பேச ஆளில்லை. மூணாம் ஜன்னல் பக்கம் வளர்மதி மட்டும்.

நவம்பர் 4, செவ்வாய்

உப்புமாவும் வெளியே வந்துவிட்டது. கம்பெனிச் செலவு வீண்.

மூலை மேஜை நரகம். கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது, காலில் பஞ்சு அடைத்தமாதிரி இருக்கிறது. டீ குடிக்க வெளியே போனேன். மழைச் சாரலில் நின்றேன். டம்ளர் காலியாகும் முன் தலை தெளிந்துவிட்டது. டீயின் மகிமை என்று உள்ளே வந்தேன். மறுபடி அதே கூத்து.

விசேஷம் என்னவென்றால், வளர்மதி நன்றாக இருக்கிறாள். மாசமாக இருக்கிறவள் தெம்பாக நிற்கிறாள், எருமை மாதிரி இருக்கும் நான் சுவரைப் பிடித்து நடக்கிறேன். அவளிடம் கேட்டேன்.

"எனக்குத் தலை கனத்தா அந்த அட்டைப் பொட்டிய நகத்திட்டு ஓட்டைல மூஞ்சிய வெச்சுக்குவனுங்க்கா. சிலுசிலுன்னு இருக்கு. அப்புறம் அக்கா, இன்னிக்கு அந்த வாட்ச்மேன் பூ வாங்கிட்டு வந்தாரு."

பூவா! அதைக்கூட நான் சரியாகக் காதில் வாங்கவில்லை என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

நவம்பர் 5, புதன்

காலையில் குளிக்கும்போது எல்லாம் ஒன்றாகக் கோத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை வலி இல்லை. வெளியே போனால் வலி இல்லை. ஓட்டைக்குப் பக்கத்தில் வலி இல்லை. கரி வருவதற்கு முன்னால் இந்த வலியே இல்லை. சோப்பு கண்ணில் போனதுகூடத் தெரியவில்லை எனக்கு.

பரமுவிடம் ஓடினேன். "கரியிலதாண்டா என்னமோ இருக்கு. ஜன்னலத் தொற. அந்த ஓட்டைகிட்ட நிக்கறவங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்ல, பாரு."

"எந்த ஓட்டை?"

ஐயோ. என் வாய். இதை எழுதும்போதுகூட ஒரு போடு போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறது.

அட்டைப் பெட்டியை நகர்த்தினான், பார்த்தான். "ஓ, ஈரக்காத்து இப்படித்தான் உள்ள வருதா? இது மொதலாளிக்குத் தெரிஞ்சா எனக்குத்தான வேட்டு!" டேப் ரோலை எடுத்துவந்து குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினான். சட்டையில் புள்ளி விழுந்தால் அவன் வேலை போய்விடும் என்ற பயம் அவனுக்கு. தப்பில்லை. ஆனாலும் ஒட்டினான்.

வளர்மதியிடம், "நாளைக்கு வராத கண்ணு," என்றேன்.

"தீபாவளிக்கே லீவு போட்டுட்டனுங்க்கா. இனியும் கேட்டா ஏன்னு கேப்பாரு."

வயிற்றில் இருப்பதை மறைக்கவே அவள் அந்த ஹாலுக்கு வர வேண்டியிருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

வளர்மதி விழுந்துவிட்டாள்.

நவம்பர் 7, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. இன்று கம்பெனிக்கு லீவு விட்டுவிட்டார்கள். இன்று எழுதுகிறேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன். சட்டை மடித்துக்கொண்டே இருந்தவள், அப்படியே மேஜைமேல் சாய்ந்தாள். தூங்குகிறாள் என்றுதான் பக்கத்து மேஜைக்காரி நினைத்தாளாம். நான் மூலையிலிருந்து பார்த்தேன். தூங்குகிறவள் கையில் இருக்கும் சட்டையைக் கீழே விடமாட்டாள். மேஜைமேஜையாகப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். நானும் மீசைக்காரரும் அவளை வெளியே தூக்கிவந்தோம். அவளுக்கு முகத்தில் மழை விழுந்தது. கண் திறக்கவில்லை.

ஆட்டோவில் நான், அவள், முன்னால் பரமு. வழியெல்லாம், "காலைல சாப்புடல போலீங்க்கா, சாப்புடல போல," என்று சொல்லிக்கொண்டே வந்தான். யாருக்குச் சொன்னானோ.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, பெரிய குரல். வளர்மதி விரலில் நர்ஸ் ஆக்சிஜன் பார்க்கிற கிளிப் மாட்டினார். நம்பரைப் பார்த்துப் பரமுவுக்கு உயிர் வந்தது. "பாருங்க, தொண்ணூத்தொம்பது! நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது மார்க்கு!"

டாக்டர் அவனைப் பார்க்கவே இல்லை. என்னைக் கேட்டார். "இவங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்ங்க."

"லீவு நாள்ல?"

"இல்லீங்க."

"உள்ள என்ன எரியுது? விறகா, ஜெனரேட்டரா, கரியா?"

கரி என்றேன். ஜன்னல் மூடியிருக்கிறது என்றேன். அவர் உடனே முகமூடி வைத்து ஆக்சிஜன் திறக்கச் சொன்னார். அப்புறம் என்னிடம் மெதுவாக, "இவங்க மாசமா இருக்காங்களா?" என்றார்.

பரமு இந்தப் பக்கம் நிற்கிறான். வளர்மதி கட்டிலில் கிடக்கிறாள். எத்தனையோ பேர் கதையை எத்தனையோ பேரிடம் நான் யோசிக்காமல் சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றைச் சொல்ல நாக்கு எழவில்லை. "ஆமாங்க, மூணு மாசம்," என்றேன். பரமு தலையைத் திருப்பினான்.

டாக்டர் விளக்கினார். கரி புகையாமல் எரிந்தாலும் அதிலிருந்து ஒரு வாயு வருமாம். கார்பன் மோனாக்சைடு. கண்ணுக்குத் தெரியாது, வாசம் கிடையாது. மூடின இடத்தில் சேர்ந்துகொண்டே போகும். ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

எனக்குப் புரிந்துவிட்டது. பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கிறார்களே, அதேதான். ஆக்சிஜன் பாவம், முறையாகப் படி ஏறி வருவதற்குள் எல்லா சீட்டிலும் துண்டு. அந்தக் கிளிப்பு இருக்கிறதே, அதற்குத் துண்டுக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாது. பஸ் நிறைந்துவிட்டது என்று தொண்ணூத்தொம்பது போட்டுவிடும். அது ஆளா துண்டா என்று ரத்தத்தைத் தனியாகச் சோதித்தால்தான் தெரியும் என்றார் டாக்டர்.

"வயித்துப் புள்ளைக்கு?" என்று கேட்டேன்.

"தாயைவிடப் புள்ளைக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி. அங்க ஏறின விஷம் இறங்கவும் ரொம்ப நேரம் ஆகும். நீங்களும் அந்த ஹால்லதான இருந்தீங்க? உக்காருங்க, உங்களுக்கும் மாஸ்க்."

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க டாக்டர்."

"அப்ப ஏன் கட்டில் கம்பிய விடாமப் புடிச்சுட்டு நிக்கறீங்க?"

குளிர் என்றேன்.

சாயங்காலம் வளர்மதி கண் விழித்தாள். முதல் கேள்வி, "பரமண்ணனுக்குத் தெரிஞ்சிருச்சுங்களா?" இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை, கையை வயிற்றில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். இன்னும் தெரியவில்லை கண்ணு, ஸ்கேன் எடுக்கணும் என்றேன்.

வீட்டுக்கு வந்து பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியை இறக்கினேன். சும்மா. திரும்ப ஏற்றிவைத்துவிட்டேன்.

நவம்பர் 8, சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதாவிட்டால் எனக்கே நம்பிக்கை வராது.

காலையில் யாரும் ஹாலுக்குள் போகவில்லை. நான் யாரையும் தடுக்கவில்லை. வாசலில் நின்று ஒவ்வொருத்தியிடமும் துண்டு போடும் கதையைச் சொன்னேன், அவ்வளவுதான். இருபது வருஷ ரேடியோ, ஒரு நாளாவது உருப்படியான செய்தி வாசிக்க வேண்டாமா? ஷெட்டுக்கு அடியில் எல்லோரும் உட்கார்ந்துகொண்டார்கள். பரமு அங்கும் இங்கும் ஓடினான், அப்புறம் அவனும் நின்றுவிட்டான். ஆஸ்பத்திரியில் கேட்டது அவன் காதிலும் விழுந்ததுதானே.

முதலாளி இறங்கிவந்தார்.

"ஏனம்மிணி இதெல்லாம்? பரமு எல்லாம் சொன்னான். அந்தப் புள்ள மாசமா இருந்திருக்குது. மாசமா இருக்கறவளுக்கு மயக்கம் வராம என்ன வரும்? அதுக்கு என்ர கரி என்ன பண்ணும்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவளுடைய ரகசியத்தை நான் அவள் உயிருக்காகச் சொன்னேன். இவர் அதையே எடுத்துச் சட்டிக்கு மூடியாகப் போடுகிறார்.

"சரிங்க மொதலாளி. அவ மாசம், அதனால மயக்கம். நான்? இவ? அந்தா நிக்கறாரே மீசைக்காரர், அவருக்கு எத்தனாவது மாசம்? கேட்டுச் சொல்லுங்க."

மீசைக்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"மயிலு, நீ வாய் ஜாஸ்தி பேசற. சரக்கு திங்கக்கெழமை போகோணும். புகை வந்தாத்தான விஷம்? நானே உள்ள உக்காந்து காட்டறேன். ஒரு பத்துச் சட்டை மடிச்சுட்டு வாறேன். அப்புறம் எல்லாரும் உள்ள வரோணும்."

"வேண்டாமுங்க. டாக்டரம்மா சொன்னாங்க, மயங்கறது மயங்கறவங்களுக்கே தெரியாதாம்."

கேட்கவில்லை. மச்சான் கரி அல்லவா? சரக்கு காயட்டும் என்று நேற்றிரவெல்லாம் கங்கு போட்டு, மூடியே கிடந்த ஹால். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கம் மூணாம் ஜன்னலுக்கு ஓடினேன். குடை பிடிக்க இரண்டு பேர், கல்லோடு மீசைக்காரர். உடைந்த கண்ணாடி வழியாகக் கையை விட்டு, பரமு ஒட்டிய டேப்பை ஒரு ஓரம் உரித்தேன். கண் அளவுக்கு மட்டும். என் வாழ்க்கையில் வேவு பார்த்ததற்கு ஒரு நியாயம் கிடைத்த இடம் அது.

முதலாளி என் பழைய மேஜையில் உட்கார்ந்திருந்தார். முதல் சட்டையை அழகாக மடித்தார். இரண்டாவதை மடித்து, என்னைப் பார்த்துத் தலையாட்டினார், 'பார்த்தாயா' என்று. போன் பேசினார். நெற்றியைத் தேய்த்தார். கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தைச் சட்டை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கை எது, கழுத்து எது என்று தெரியாதவர்போல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது அவர் கம்பெனியில் தைத்த சட்டை.

"மொதலாளி, வெளிய வாங்க!"

சிரித்தார். எதற்கோ. எழுந்திருக்கப் பார்த்தார், கால் வரவில்லை.

"போடு கல்ல!" என்றேன். மீசைக்காரர் கண்ணாடியை நொறுக்கினார். நான் பாலிதீனை இரண்டு கையாலும் கிழித்தேன். பரமு கதவை உதைத்துத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் அவரை இழுத்துவந்தான். அதற்காக அவனுக்கு நான் பாதிக் கதிர் அல்ல, முழுக் கதிர் கடன்பட்டிருக்கிறேன்.

முதலாளி மழையில் மண்டிபோட்டு வாந்தி எடுத்தார். அப்போது ஷெட்டுக்கு அடியிலிருந்து ஒரு குரல், யாருடையது என்று சத்தியமாக எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன்:

"மொதலாளி காலைல சாப்புடல போலீங்க."

இன்னொரு குரல்: "வளைகாப்பு எப்பங்க?"

அவர் தலை நிமிரவில்லை. அழுகிறாரோ என்று பயந்தேன். தோள் குலுங்கியது. சிரிக்கிறார். இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அவரையும் அதே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், அதே டாக்டரம்மாவிடம். நாங்கள் எல்லா ஜன்னலையும் திறந்து, கதவைத் திறந்துவைத்து, உள்காற்றெல்லாம் போகிறவரைக்கும் வெளியே காத்திருந்தோம். அப்புறம்தான் உள்ளே போனோம். இடுக்கியால் பிடித்து நான்கு சட்டியையும் வெளியே இழுத்துவந்து மழையில் கவிழ்த்தோம். உஸ்ஸென்று ஒரு சத்தம். அப்போதுதான் முதல்முறையாக அந்தக் கரியிலிருந்து புகை வந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

எங்கள் வீட்டுக்காரர், "கம்பெனிக்காரங்ககிட்ட எதுக்கு உனக்கு வம்பு?" என்று ஆரம்பித்தார். ஒரு பார்வை பார்த்தேன். வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

நவம்பர் 12, புதன்

சரக்கு மூன்று நாள் தாமதமாகப் போகட்டும் என்று முதலாளியே வாங்குகிறவர்களிடம் பேசிவிட்டார். சுவரில் காற்றை வெளியே தள்ளும் விசிறி இரண்டு. ஈரத்தை உறிஞ்சும் மெஷின் வாடகைக்கு வந்திருக்கிறது. கரண்ட் போனால் நிற்கும், நிற்கட்டும். மூணாம் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி, அந்த வாயு சேர்ந்தால் கத்துமாம். வந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் முதலாளி, "எல்லாம் என்ர யோசனைதான்," என்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும். வாந்தி எடுத்தவர் அவர்தானே.

ஆனால் ஒன்று மட்டும் கேட்டேன். பரமுவை வைத்துக்கொண்டே கேட்டேன். "வளர்மதி திரும்பி வந்தா எடம் இருக்குதுங்களா?"

"மாசமா இருக்கறவங்கள..." என்று பரமு ஆரம்பித்தான்.

"அவளுக்கு எடம் இல்லீன்னா எனக்கும் வேண்டாமுங்க. எனக்கு இல்லீன்னா இவங்க யாருக்கும் வேண்டாமாம். கேட்டுப் பாருங்க."

நான் யாரையும் கேட்கவில்லை. ஆனால் திரும்பிப் பார்த்தால் எல்லோரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். மீசைக்காரர் இஸ்திரிப் பெட்டியோடு.

"உக்காந்து செய்யற வேலை குடு, பரமு," என்றார் முதலாளி. "மூட்டைய நீ தூக்கு."

நவம்பர் 14, வெள்ளி

ஸ்கேன். உள்ளே என்னை விடவில்லை. வெளி பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்களின் குடும்பக் கதையெல்லாம் கேட்டேன். ஒன்றும் மண்டையில் நிற்கவில்லை. வளர்மதி வெளியே வந்தாள். என் கையைப் பிடித்து, டொக்டொக்டொக்டொக் என்று என் உள்ளங்கையில் விரலால் தட்டிக் காட்டினாள். வேகமாக. ஓடுகிற மெஷின் மாதிரி.

மாதாமாதம் வரவேண்டும், இப்போதே எல்லாம் சரி என்று சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். சரி. மாதாமாதம் நானே கூட்டிவருகிறேன். எனக்கும் கதை கேட்கத் தோதான பெஞ்சு.

தகரப் பெட்டியில் இருந்ததை அவளிடம் கொடுத்துவிட்டேன். பழைய சட்டைதான், சின்ன அளவு, ஒரு தடவைகூடப் போடாதது. ஏது என்று கேட்டாள். ரிஜக்ட் பீஸ் என்று சொன்னேன்.

நவம்பர் 17, திங்கள்

வளர்மதி வந்துவிட்டாள். நாற்காலி போட்டு, மூணாம் ஜன்னல் ஓரம். நானும் பழைய இடத்துக்கே. ஜன்னல் முழுக்கத் திறந்திருப்பதில் ஒரே ஒரு நஷ்டம். நான் பார்ப்பதை வாட்ச்மேனும் பார்த்துவிடுகிறார். இன்று குடையை ஆட்டிக் கும்பிடு வேறு போட்டார். கலியாணம் தையிலாம்.

மத்தியானம் வளர்மதி என் இடுப்பில் இடித்தாள். "அக்கா, அங்க பாருங்க."

எதிர் கம்பெனி மாடி. இரண்டு பையன்கள் ஜன்னலில் பாலிதீன் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். வாசலில் டெம்போ நிற்கிறது. சாக்குச்சாக்காகக் கரி இறங்குகிறது. எங்களுக்கு விற்க முடியாததை எங்கள் முதலாளியின் மச்சான் அங்கே விற்றிருக்கிறார். அந்தக் கம்பெனி முதலாளி ஒரு கங்குச் சட்டிக்கு மேல் கையை நீட்டி யாருக்கோ காட்டுகிறார். என்ன சொல்கிறார் என்று காதில் விழாவிட்டாலும் எனக்கு மனப்பாடம்.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வயிறு முட்ட மூச்சை இழுத்தேன். "ஏனுங்க வாட்ச்மேன்! உங்க கம்பெனிப் பொண்ணுங்கள ஒருத்தரயும் உள்ள விடாதீங்க! இட்லிக்கடைக்கு வாங்க, சொல்லறேன்!"

தெருவே நின்று பார்த்தது. பரமு ஓடிவந்தான்.

"அக்கா, அது அடுத்தவன் கம்பெனிங்க்கா! நமக்கு எதுக்கு? மொதல்ல ஜன்னலச் சாத்துங்க. இல்லீன்னா வாயவாவது மூடுங்க."

"ரெண்டையும் மூடிப் பாத்தாச்சு," என்றேன். செருப்பை மாட்டினேன். வளர்மதி எழுந்து என் மேஜைச் சட்டைகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

இட்லிக்கடையில் சொன்னால் போதும். பொழுது சாய்வதற்குள் நாலு தெருவுக்குப் போய்விடும்.